மொய் நோட்டுக்கு ஒரு கோப்பு வகை: ஆவண வடிவங்களைப் பிரித்துப் பார்ப்பதும், சொந்தமாக ஒன்றை உருவாக்குவதும்

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளைப் பார்த்துத்தான் நம்மில் பெரும்பாலோர் ‘இது வேர்ட் ஃபைல்’, ‘இது பிடிஎஃப்’ என்று சொல்கிறோம். விண்டோஸும் அப்படித்தான் முடிவு செய்கிறது. ஆனால் அந்த எக்ஸ்டென்ஷனை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றினால் உள்ளே ஒரு பைட்டுகூட அசையாது. கோப்பு எந்த வகை என்பது உள்ளே பைட்டுகள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது. அந்த ஒழுங்கைத்தான் வடிவம், ஃபார்மேட் என்கிறோம்.

இந்த வழிகாட்டியில் முதலில் நாம் தினமும் கையாளும் ஆவண வடிவங்களைத் திறந்து பார்ப்போம். அப்புறம் நமக்கென்று ஒரு கோப்பு வகையை வடிவமைத்து, உருவாக்கி, கணினியில் பதிவு செய்வோம். உதாரணத்துக்கு மொய் நோட்டை எடுத்துக்கொள்கிறேன். தென் மாவட்டங்களில் இன்று கல்யாண மண்டப வாசலிலேயே கணினி வைத்து மொய் எழுதி ரசீது கொடுக்கிறார்கள். ஆனால் மொய்க் கணக்கு அன்றோடு முடிவதில்லை. இன்று ஒருவர் வைத்த 501 ரூபாயை அவர் மகள் கல்யாணத்தில் திருப்பிச் செய்ய 15, 20 வருடம் ஆகலாம். அத்தனை வருடம் கழித்து அந்தக் கோப்பு திறக்க வேண்டும். எழுதிய மென்பொருள் அப்போது இருக்காது என்று எண்ணிக்கொண்டே வடிவமைக்க வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து. கீழே வரும் முடிவுகள் எல்லாம் அதிலிருந்து வருபவை.

படி 1: முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்

பைத்தான் நிறுவியிருந்தால் போதும். ஏதாவது ஒரு கோப்பை ‘ஆர்பி’ முறையில், அதாவது பைனரியாகத் திறந்து, முதல் 16 பைட்டைப் படித்து, அதை ஒரு லிஸ்டாக மாற்றி அச்சிடுங்கள். 0 முதல் 255 வரையிலான எண்கள் வரும். லினக்ஸில் ‘ஓடி’ என்ற கட்டளையும் இதைச் செய்யும். ஹெக்ஸ் எடிட்டர்கள் இதே எண்களை 16-அடிமானத்தில் காட்டும். நான் இங்கே தசம எண்ணிலேயே தருகிறேன்.

பிடிஎஃப் கோப்பு 37, 80, 68, 70, 45 என்று தொடங்கும். அது சதவீதக் குறி, பி, டி, எஃப், சிறு கோடு. புதிய வேர்ட் கோப்பான டாக்எக்ஸ் 80, 75, 3, 4 என்று தொடங்கும். எக்செல் கோப்பும் அதே. லிப்ரேஆபிஸின் ஓடிடி, மின்னூல் வடிவமான இபப், சாதாரண ஜிப் எல்லாமே அதே நான்கு எண்கள். 80, 75 என்பவை பி, கே என்ற எழுத்துகள்: 1989-இல் ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். இந்த வடிவங்கள் எல்லாம் அடிப்படையில் ஜிப் பொட்டலங்கள்தான்.

பழைய டாக் கோப்பு இப்படி இருக்காது. அது 208, 207, 17, 224 என்று தொடங்கும். ஒரு முக்கியமான விஷயம்: பாஸ்வேர்டு போட்டுச் சேமித்த டாக்எக்ஸ் கோப்பும் இந்தப் பழைய எண்களோடுதான் தொடங்கும், ஏனென்றால் மறையாக்கம் செய்த உள்ளடக்கத்தை வேர்ட் பழைய கொள்கலனுக்குள் வைத்துவிடுகிறது. ‘டாக்எக்ஸ்தானே, ஜிப்பாகத் திறக்கவில்லையே’ என்று யாராவது கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இப்படித் தொடக்கத்தில் வரும் அடையாளத்தைச் சிக்னேச்சர் என்பார்கள். என் கணிப்பில் மிக நேர்த்தியாக யோசித்து வைத்த சிக்னேச்சர் பிஎன்ஜி படத்துடையது: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. எட்டு பைட்டுக்கும் வேலை இருக்கிறது. 137 என்பது 127-ஐத் தாண்டிய எண். எட்டாவது பிட்டை வெட்டிவிடும் பழைய இணைப்பு வழியாகக் கோப்பு போயிருந்தால் அந்த எண்ணே மாறி, கெட்டுப்போனது தெரிந்துவிடும். 80, 78, 71 மனிதக் கண்ணுக்கு: பி, என், ஜி. 13, 10 என்பது விண்டோஸின் வரி முடிவு. வழியில் யாராவது அதை வெறும் 10 ஆக்கியிருந்தால் பிடிபடும். 26 என்பது பழைய டாஸில் கோப்பு முடிவுக் குறி. திரையில் அச்சிட்டால் அங்கேயே நின்றுவிடும், கண்டதும் கொட்டாது. கடைசி 10, எதிர்த் திசையில் நடக்கும் வரி மாற்றத்தைப் பிடிக்க. நாம் உருவாக்கும் வகைக்கும் இப்படி ஓர் அடையாளம் வேண்டும். அதை எங்கே வைப்பது என்று 5-ஆம் படியில் பார்க்கலாம்.

படி 2: ஒரு டாக்எக்ஸைப் பிரித்துப் பாருங்கள்

தமிழில் நாலு வரி உள்ள ஒரு வேர்ட் கோப்பை நகல் எடுங்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் எக்ஸ்டென்ஷன் காட்டும் வசதியை இயக்கிவிட்டு, நகலின் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறங்கள். உள்ளே ‘வேர்ட்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘டாக்குமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது குறிகளால் பகுதி பிரித்த உரை. எழுத்தெல்லாம் அதில்தான். ‘ஸ்டைல்ஸ்’ கோப்பில் தோற்ற விதிகள், ‘மீடியா’ ஃபோல்டரில் படங்கள். வேர்ட் கோப்பிலிருந்து படங்களை, கோப்பில் உள்ள தரத்திலேயே எடுக்க இதைவிட எளிய வழி இல்லை. மேல் மட்டத்தில் ‘கன்டென்ட் டைப்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கும். எந்தப் பகுதி எந்த வகை என்று அது சொல்கிறது.

டாக்குமென்ட் கோப்பைத் திறந்தால் பத்தி, அதற்குள் ‘ரன்’ எனும் துண்டு, அதற்குள் எழுத்து என்று மூன்று அடுக்கு தெரியும். ஒரே சொல் இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதையும் பார்ப்பீர்கள். திருத்தம் செய்த ஒவ்வொரு அமர்வுக்கும் வேர்ட் ஒரு எண் போட்டு வைப்பது இதற்கு ஒரு காரணம். நிரல் எழுதி டாக்எக்ஸில் ஒரு சொல்லைத் தேடி மாற்ற நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இது.

தமிழில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இங்கேயே இருக்கிறது. வேர்ட் தமிழைக் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. எழுத்தளவு, தடித்த எழுத்து, எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்எம்எல்லில் இரண்டு குறிகள்: ஒன்று ஆங்கிலம் போன்ற எழுத்துக்கு, மற்றொன்று ‘சிஎஸ்’ என்று முடியும், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு. நிரல் வழியாக அறிக்கை தயாரிக்கும்போது ஆங்கிலம் 14 புள்ளிக்குப் போகிறது, தமிழ் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது என்றால், இரண்டாவது குறியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஓடிடி கோப்பையும் இதேபோல் திறந்து பாருங்கள். ஓடிடி சேர்ந்த ஓடிஎஃப் வடிவக் குடும்பம் 2006-இலும், டாக்எக்ஸ் சேர்ந்த மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் 2008-இலும் ஐஎஸ்ஓ தரமாயின. இரண்டின் விளக்கமும் யாரும் படிக்கக் கிடைக்கிறது. ஓடிடியின் எக்ஸ்எம்எல் படிக்கச் சுலபம். முதலில் கற்றுக்கொள்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

படி 3: பிடிஎஃபைப் பின்னாலிருந்து படியுங்கள்

பிடிஎஃப் அடோபியிலிருந்து 1993-இல் வந்தது. 2008-இல் ஐஎஸ்ஓ தரமானது. அதைத் திறக்கும் நிரல் தலைப்பைச் சரிபார்த்துவிட்டு நேராகக் கோப்பின் கடைசிக்குப் போகிறது. எந்தப் பொருள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணைக்கு வழி அங்கேதான் இருக்கிறது. ஜிப்பும் இப்படியே, அதன் பொருளடக்கம் வாலில் இருக்கும். பதிவிறக்கம் கடைசி நிமிடத்தில் அறுந்துபோன கோப்பு, முக்கால்வாசிக்கு மேல் இருந்தும் திறக்க மறுப்பது இதனால்தான். பழுது நீக்கும் கருவிகள் பொருள்களை முன்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அட்டவணையைத் திரும்பக் கட்டுகின்றன.

பிடிஎஃபில் திருத்தத்தை வாலில் ஒட்டிச் சேமிக்கும் முறை உண்டு. அப்படிச் சேமித்தால் பழைய உள்ளடக்கம் கோப்புக்குள்ளேயே இருக்கும், திரையில் தெரியாது, அவ்வளவுதான். கணக்கு எண்ணையோ முகவரியையோ மறைத்து அனுப்புபவர்கள், மேலே கறுப்புக் கட்டம் வைப்பதை மறைப்பு என்று நம்பிவிடக் கூடாது. முறையாக நீக்கும் வசதியுள்ள கருவியில் நீக்கிவிட்டு, புதிய கோப்பாக எழுதி அனுப்புங்கள்.

தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ‘கொ’ சிதைந்து, கொம்பு முன்னால் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடிஎஃப் எழுத்துகளைச் சேமிப்பது அவை தாளில் நிற்கும் வரிசையில். கண்ணுக்குக் கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில். ஒவ்வோர் உருவமும் எந்த யூனிகோடு எழுத்து என்ற அட்டவணை உள்ளே சரியாக இருந்தாலும், வரிசை கண்ணுக்கானது என்பதால் உரை கலைந்து வருகிறது. ஆகவே பிடிஎஃப் அச்சுக்கு. தரவைப் பாதுகாக்க அதை நம்பாதீர்கள். மொய் நோட்டைப் பிடிஎஃபாக மட்டும் வைத்திருந்தால், 20 வருடம் கழித்து பெயர் வைத்துத் தேடும்போது கிடைக்காது.

படி 4: தமிழ் எழுத்து எப்படிப் பைட் ஆகிறது

இதை அவசரமில்லாமல் படியுங்கள். கோப்பு வடிவம் கெட்டுப்போவதைவிட எழுத்துக் குறியாக்கத்தால் தமிழ்த் தரவு கெட்டுப்போனதுதான் அதிகம் என்பது என் அனுபவம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம் வரைந்து வைக்கப்பட்டிருந்தது. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத கணினியில் அவைதான் தெரியும். திஸ்கி, 1999-ஐ ஒட்டி வந்த டேப், டேம் என்று பல குறியாக்கங்கள் நடைமுறையில் இருந்தன. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்தது. நாம் புதிதாக எழுதும் எதற்கும் யூனிகோடு, அதிலும் யூடிஎஃப்-8 மட்டுமே. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு அது ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கோப்பில் 15 பைட். தகரம் 224, 174, 164 என்று இருக்கும். புள்ளி 224, 175, 141. ‘பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று வடிவத்தில் எழுதினால், எதை எழுத்து என்கிறீர்கள் என்ற கேள்வி உடனே வரும். நீள வரம்பே வைக்காமல் இருப்பது நல்லது.

அடுத்தது, ஒரே தோற்றம், வேறு பைட்டுகள். ‘கோ’ என்பதை ககரம் + ஓகாரக் குறி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம்; ககரம் + இரட்டைச் சுழிக் கொம்பு + கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஆனால் ‘கோவிந்தன்’ என்று தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. இதற்கு யூனிகோடே மருந்து வைத்திருக்கிறது: என்எஃப்சி எனும் இயல்பாக்கம். எழுதும் முன் எல்லா உரையையும் என்எஃப்சி ஆக்குங்கள், தேடும் சொல்லையும் ஆக்குங்கள்.

என்எஃப்சிக்கு அடங்காதவையும் உண்டு. ஸ்ரீ என்பதன் முதல் எழுத்தை ஸகரமாகவும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு சகரமாகவும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீரங்கம் என்று பெயரும் ஊரும் நிறைந்த மொய் நோட்டில் இது நிச்சயம் வரும். அதேபோல் ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டுவது. இவற்றைத் தேடும் நிரல் தனியாகச் சமப்படுத்த வேண்டும். சேமித்த பெயரை மட்டும் திருத்தாதீர்கள். எழுதியவர் எழுதியபடி இருக்கட்டும்.

அகரவரிசையும் கவனம். யூனிகோடு எண் வரிசையில் னகரம், நகரத்தை அடுத்து பகரத்துக்கு முன்னால் வந்துவிடும். பைட் வரிசைப்படி அடுக்கினால் நம் அகரவரிசை கிடைக்காது.

படி 5: நம் கோப்பு வகையை வடிவமைப்போம்

எதற்குள் வைப்பது என்பது முதல் முடிவு. மூன்று வழிகள் உண்டு. முழுக்கச் சொந்தமாக ஒரு பைனரி வடிவம்: வேண்டாம். எண்களின் பைட் வரிசையிலிருந்து பிழை கண்டறிதல் வரை எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும், நாளைக்கு வேறு யாராலும் படிக்க முடியாது. இரண்டாவது, எஸ்க்யூலைட் தரவுத்தளத்தையே கோப்பாக வைப்பது. இது உண்மையிலேயே நல்ல வழி. அதன் கோப்பு வடிவம் திறந்த ஆவணமாக விளக்கப்பட்டிருக்கிறது; அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று; 68-ஆவது பைட்டில் நம் வகைக்கான எண்ணை எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பதிவு, அடிக்கடி திருத்தம் என்றால் இதையே எடுங்கள்.

மொய் நோட்டு அப்படி இல்லை. ஒரு விழா, சில நூறு அல்லது சில ஆயிரம் வரிகள், அன்று எழுதி முடித்தால் அப்புறம் படிப்பது மட்டும்தான். கூடவே கையால் எழுதிய பக்கங்களின் படங்கள். இதற்கு மூன்றாவது வழி பொருத்தம்: ஜிப் பொட்டலம், உள்ளே ஜேசன் உரை, அதாவது ‘சாவி: மதிப்பு’ என்று தரவை எழுதும் வடிவம். எந்தக் கணினியிலும் ஜிப் பிரிக்கலாம், ஜேசனை நோட்பேடில்கூடப் படிக்கலாம்.

ஜேசனில் சாவிப் பெயர்களையே தமிழில் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாதிரிக்கு:

{
  "வடிவம்": "மொய்நோட்டு",
  "பதிப்பு": 1,
  "விழா": "காதணி விழா",
  "ஊர்": "பேராவூரணி",
  "நாள்": "2024-06-16",
  "வரவு": [
    { "எண்": 1, "ஊர்": "திருச்சிற்றம்பலம்", "பெயர்": "சி. முத்தையா", "உறவு": "தாய்மாமன்", "ரூபாய்": 5001, "சீர்": "அரைப் பவுன் மோதிரம்", "பக்கம்": 1 },
    { "எண்": 2, "ஊர்": "ஆவணம்", "பெயர்": "க. கோவிந்தன்", "ரூபாய்": 501, "பக்கம்": 1 }
  ]
}

இதில் சில முடிவுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதும் வழக்கப்படியே ஊரை முன்னால் வைத்தேன். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும்போது ஊர்தான் ஆளைக் காட்டும். தொகை முழு எண். மேற்கோள் குறிக்குள் வராது, காற்புள்ளி கிடையாது. பொருளாக வந்த சீருக்குத் தனி இடம். அதை ரூபாயாக மதிப்புப் போட்டுக் கலந்துவிட்டால் திரும்பச் செய்யும்போது எது பணம், எது மோதிரம் என்று தெரியாமல் போகும். தேதி வருடம்-மாதம்-நாள் வரிசையில், ஏனென்றால் 06-07 என்று மட்டும் எழுதினால் ஜூன் மாதமா ஜூலை மாதமா என்று ஊருக்கு ஊர் மாறும். ‘எண்’ நோட்டில் எழுதிய வரிசை. எந்த நிரல் எப்படி அடுக்கினாலும் மூல வரிசை மீளும். ‘பக்கம்’ கையெழுத்துப் படத்தோடு ஒப்பிட.

பொட்டலத்துக்குள் நாலு பொருள் வைக்கலாம்: வகையைச் சொல்லும் ‘மைம்டைப்’ கோப்பு, மேலே பார்த்த ஜேசன், படங்கள் ஃபோல்டர், கடைசியாக ஒரு சாதாரண உரைக் கோப்பு. அந்த உரைக் கோப்பில் ‘இது மொய்க் கணக்கு, ஜேசன் கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் பொருள் இது, எழுத்து யூடிஎஃப்-8’ என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ஒவ்வொரு மொய்க் கோப்பும் தன்னைப் பற்றிய விளக்கத்தைத் தன்னோடேயே எடுத்துச் செல்லும். இதற்கு ஆகும் செலவு ஒன்றிரண்டு கிலோபைட். எக்செலுக்காக சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) நகல் ஒன்றையும் உள்ளேயே வைக்கலாமே என்று தோன்றும்; வேண்டாம். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருந்தால் ஒருநாள் இரண்டும் வேறு வேறு தொகை சொல்லும். வேண்டும்போது நிரல் ஏற்றுமதி செய்து கொடுக்கட்டும். அப்போது தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டைச் சேர்த்தால் எக்செல் தமிழைச் சரியாகக் காட்டும்.

இனி எக்ஸ்டென்ஷன். ஆங்கிலத்தில் எம், ஓ, ஐ என்று மூன்றெழுத்து முதலில் மனதில் வரும். ஆனால் ஜேவிசி போன்ற கேம்கார்டர்கள் ஒவ்வொரு காணொளியோடும் எழுதிய தகவல் கோப்புக்கு அதே எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. மூன்றெழுத்துப் பெயர்களில் பெரும்பாலானவை இப்படி யாராவது எடுத்தவையே. மூன்று எழுத்துக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. ‘மொய்நோட்’ என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்தாக வைப்போம். தமிழிலேயே எக்ஸ்டென்ஷன் வைக்க இன்றைய கோப்பு முறைமைகள் இடம் தருகின்றன. ஆனாலும் மின்னஞ்சல் இணைப்பு, பழைய ஜிப் கருவி என்று வழியில் எங்காவது பெயர் சிதையும். பெயர் தமிழில் இருக்கட்டும், புள்ளிக்குப் பின்னால் ஆங்கிலம் இருக்கட்டும்.

மைம்டைப் கோப்பில் எழுதும் வகைப் பெயர்: ‘அப்ளிகேஷன்/பிஆர்எஸ்.மொய்நோட்+ஜிப்’. இதுவும் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், மொத்தம் 27 எழுத்து. ‘பிஆர்எஸ்’ என்பது தனிநபர்கள் பதியும் கிளை, கடைசியில் உள்ள ‘ஜிப்’ உள்ளே என்ன கொள்கலன் என்று சொல்கிறது. வெளியுலகுக்கு விடும் எண்ணம் இருந்தால், இப்படிப்பட்ட வகைப் பெயர்களைப் பதிந்து வைக்கும் ஐஏஎன்ஏ அமைப்பில் பதியலாம்.

அடையாளத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஓடிஎஃபும் இபபும் ஓர் அழகான வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஜிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் 30 பைட் தலைப்பு, அடுத்து அதன் பெயர், அடுத்து உள்ளடக்கம். ‘மைம்டைப்’ ஆங்கிலத்தில் 8 எழுத்து. அதை முதல் பொருளாக, சுருக்காமல், கூடுதல் தகவல் எதுவும் ஒட்டாமல் வைத்தால், பூஜ்யத்திலிருந்து எண்ண, 30-ஆவது பைட்டில் பெயரும் 38-ஆவது பைட்டில் வகைப் பெயரும் எப்போதும் நிற்கும். நம்முடையது 38 முதல் 64 வரை. ஜிப்பைப் பிரிக்காமலே எந்த நிரலும் வகையைக் கண்டுகொள்ளலாம்.

படி 6: எழுதுவது

பைத்தானோடு வரும் ‘ஜிப்ஃபைல்’ மாட்யூலே போதும். மைம்டைப்பை முதலில், ‘ஸ்டோர்ட்’ முறையில், அதாவது சுருக்காமல் எழுதுங்கள். ஜேசனையும் விளக்க உரையையும் ‘டிஃப்ளேட்டட்’ முறையில், அதாவது சுருக்கி. படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றைத் திரும்பச் சுருக்குவதில் பயன் இல்லை. விண்டோஸில் வலது க்ளிக் செய்து ஜிப் ஆக்கினால் வரிசையும் சுருக்கமும் நம் கையில் இருக்காது, ஆகவே நிரல் வழியே செய்யுங்கள்.

ஜேசனாக மாற்றும்போது ‘என்ஷ்யூர் ஆஸ்கி’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஆறு எழுத்து நீளமுள்ள ஆங்கிலக் குறியீடாக மாறிவிடும். நிரலுக்கு அது சரிதான், நோட்பேடில் திறக்கும் மனிதருக்குப் படிக்க முடியாது. நம் நோக்கமே அந்த மனிதர்தான்.

சேமிக்கும் முறையில் ஒரு கட்டாயம்: இருக்கும் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்து, கடைசியில் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வையுங்கள். பாதியில் கரண்ட் போனால் பழைய கோப்பு அப்படியே இருக்கும். மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிகளை நினைத்தால் இதன் அவசியம் புரியும்.

படி 7: நாளைய பதிப்புக்கு இடம் விடுங்கள்

இரண்டு வருடத்தில் ‘யுபிஐ வழியாக வந்ததா’ என்று ஒரு சாவி சேர்க்கத் தோன்றும். அப்போது பழைய நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்றே எழுதி வையுங்கள். என் விதி இது: தெரியாத சாவி வந்தால் பிழை காட்டாமல் விடு, ஆனால் திரும்பச் சேமிக்கும்போது அதைத் தொலைக்காமல் அப்படியே எழுது. இரண்டாவது பாதியைப் பலரும் மறக்கிறார்கள். பழைய நிரலில் ஒருமுறை திறந்து சேமித்தாலே புதிய தகவல் காணாமல் போய்விடும். பழைய நிரல் படித்தால் கணக்கே தப்பாகும் என்ற அளவுக்கு மாற்றம் வந்தால் மட்டும் ‘பதிப்பு’ எண்ணை உயர்த்துங்கள். தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண் வந்தால் நிரல் திறக்க மறுத்து, காரணத்தைத் தமிழில் சொல்லட்டும். பிஎன்ஜியில் இதையே எழுத்தால் செய்தார்கள்: துண்டின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால் கட்டாயம் புரிய வேண்டியது, சிறிய எழுத்தில் தொடங்கினால் புரியாவிட்டாலும் தாண்டிப் போகலாம்.

படி 8: வெளியிலிருந்து வரும் கோப்பை நம்பாதீர்கள்

வாட்ஸ்அப்பில் வந்த மொய்க் கோப்பை யாரோ வேண்டுமென்றே கெடுத்திருக்கலாம். மூன்று காவல் போதும். சில பத்து கிலோபைட் ஜிப், விரித்தால் பல ஜிகாபைட் ஆகும்படி செய்ய முடியும்; விரிந்த அளவுக்கு உச்சவரம்பு வைத்து, விரிக்கும்போதே எண்ணிக்கொண்டு வாருங்கள். பொருளின் பெயரில் இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் வைத்து வேறு ஃபோல்டரில் எழுத வைக்கலாம். எதிர்பார்த்த பெயர்களைத் தவிர எதையும் வட்டில் எழுதாதீர்கள். ஜேசனை ஜேசன் வாசிப்பானால் மட்டுமே படியுங்கள். பைத்தானின் ‘பிக்கிள்’ போல, படிக்கும்போதே நிரலை ஓட்டக்கூடிய வடிவத்தை ஆவணத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

யார் எவ்வளவு வைத்தார் என்பது வெளியே போகக்கூடாத தகவல். அதற்காக நீங்களே மறையாக்கம் கண்டுபிடிக்க வேண்டாம். கோப்பை அப்படியே 7-ஜிப்பில் ஏஇஎஸ் எனும் மறையாக்க முறையில் பாஸ்வேர்டோடு பூட்டி அனுப்புங்கள்.

படி 9: கணினிக்கு அறிமுகம் செய்யுங்கள்

விண்டோஸில், அது தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரிதான் வழி. ‘கரண்ட் யூசர்’ கிளைக்குள் ‘சாஃப்ட்வேர்’, அதற்குள் ‘கிளாசஸ்’ என்ற இடத்தில் எழுதினால் அட்மின் அனுமதி தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் பெயரில் ஒரு சாவி, அதன் மதிப்பு நம் வகையின் உள்பெயர். அந்த உள்பெயரில் இன்னொரு சாவி, அதற்குள் ‘ஷெல்’, ‘ஓபன்’, ‘கமாண்ட்’ என்று மூன்று அடுக்கு; கடைசியில் நம் நிரலின் பாதை, பின்னால் சதவீதக் குறியும் 1-உம். அந்த இரண்டையும் கட்டாயம் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் ‘மகள் கல்யாணம்’ என்று இடைவெளி விட்ட பெயருள்ள கோப்பு திறக்காது.

லினக்ஸில் ‘மைம்’ ஃபோல்டரின் ‘பேக்கேஜஸ்’ பகுதியில் ஒரு சிறு எக்ஸ்எம்எல் வைத்து, மைம் தரவுத்தளத்தைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷனை மட்டும் எழுதாமல், 30-ஆவது பைட், 38-ஆவது பைட் விதிகளையும் அதில் சேருங்கள்; பெயர் மாறிய கோப்பையும் கணினி கண்டுகொள்ளும். மேக்கில் செயலியின் ‘இன்ஃபோ’ பட்டியலில் வகையை அறிவிப்பது போதும்.

படி 10: உடைத்துப் பாருங்கள்

ஒரு மாதிரிக் கோப்பை எடுத்து நடுவில் ஒரு பைட்டை மாற்றுங்கள். ஜிப் ஒவ்வொரு பொருளுக்கும் சிஆர்சி எனும் சரிபார்ப்பு எண்ணை வைத்திருப்பதால், மாறிய பைட் உள்ளடக்கத்தில் இருந்தால் நிரல் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வாலில் 100 பைட் வெட்டிவிட்டுத் திறங்கள். வரவே இல்லாத நோட்டு, 5,000 வரி உள்ள நோட்டு, கோவிந்தன் இரண்டு விதமாக எழுதப்பட்ட நோட்டு, நாளைய பதிப்பு எண் போட்ட நோட்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரி தயார் செய்து நிரலோடு சேர்த்தே வைத்திருங்கள். பதிப்பு மாறும்போது பழைய மாதிரிகளைத் தூக்கி எறியாமல் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

கடைசிச் சோதனைக்கு உங்கள் நிரல் இல்லாத ஒரு கணினி வேண்டும். கோப்பு வகை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ‘இதை ஜிப்பாகப் பிரித்து, ஆவணம் ஊர் கோவிந்தன் எவ்வளவு வைத்தார் என்று சொல்லுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். அவர் உள்ளே இருக்கும் விளக்க உரையைப் படித்து, ஜேசனைத் திறந்து, 501 என்று சொல்ல வேண்டும். எங்காவது தடுக்கி நின்றால், அந்த இடத்தில் விளக்க உரையில் ஒரு வரி சேர்த்து, வேறொருவரிடம் கொடுங்கள்.